இடியனுக்குப் பொருந்திய அளவு

என் அத்தான் றெமிஜியஸைப் போல நச்சரிப்புப் பிடித்த ஒரு மனிதனைக் கனடாவில் இந்த ஸ்காபரோ முழுக்கத் தேடினாலும் காணமுடியாது. பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, சரி எது பிழை எது என்று பிரிக்கிற வேலை அவருக்கு. அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். கிளடிஸ் அக்கா உலையில் விடும் தண்ணீரைக்கூடக் குனிந்து பார்ப்பார். அக்கா எப்படித்தான் இருபது வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாளோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு துவக்கு அகப்பட்டால் என்ன நடக்கும்? அதுவும் பழங்காலத்து மாதிரியில் செய்த, குழலின் வாய்வழியாக மருந்து இட்டுச் சுடும் துவக்கு. ஊரில் அதை இடியன் என்பார்கள். குழலுக்குள் கரிமருந்தைக் கொட்டவேண்டும். எண்ணெய் பூசிய துணித்துண்டில் ஈயக் குண்டை வைத்து, தடியால் அடிவரை இடித்துத் தள்ளவேண்டும். பின்பக்கத்தில், அடிபட்டால் பொறி விடுகிற ஒரு சின்னக் கேப்பைப் பொருத்தினால் ஒரு வெடி. அடுத்த வெடிக்கு எல்லாம் முதலிலிருந்து. இந்த யுகத்தில் இப்படியொரு கண்டறியாத சாமானை வேலையிடத்து ஆட்களோடு சேர்ந்து பழகி, காசு கொடுத்து வாங்கி, வோபர்னில் இருந்த தன் வீட்டு பேஸ்மென்ற்றில் பூட்டி வைத்திருந்தார்.

போன வருடம் மார்கழியில் அதைக்கொண்டு ஒரு மானைச் சுட்டார். அது விழவில்லை. முன்னங்கால் தொங்கத் தொங்க ஓடிவிட்டது. இருட்டும்வரை இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். பிறகு பனி கொட்டி அதையும் மூடிவிட்டது. எனக்கு லைசென்ஸும் இல்லை, துவக்கும் இல்லை. வான் ஓட்டவும் பிளாஸ்க் தூக்கவும் பகிடி விடவும் கூடப் போகிறவன். அன்றைக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. திரும்பும் வழியில் அத்தான் சொன்னார்:

"அது இப்ப எங்கையோ உயிரோடை கிடந்து துடிக்குது, வின்சன்ற். நான் வீட்டை போய்ச் சோறு தின்னப்போறன்."

தின்னவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு அக்கா ஆக்கிய ஆட்டிறைச்சியையும் தொடவில்லை. பெரிய கவலைக்காரர்தான், ஆனால் கவலையையும் அளந்து பார்க்கிற ஆள். தைமாதம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னார்.

"இந்தமுறை ஒரே வெடியிலை விழவேணும். ஒரு சீவன் என்னாலை இழுத்துக்கொண்டு கிடக்கப்படாது. ஏலாட்டி உந்தத் துவக்கை வித்துப்போட்டுப் பேசாமல் இருப்பன்."

"இப்பவே வித்துப்போடுங்கோவன்," என்றாள் அக்கா. யார் கேட்டது!

வெயில் தொடங்கியதும் ஞாயிறு பூசை முடிய, நகரத்துக்கு வடக்கே இருந்த சுடுமைதானத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு இடியனுக்கும் ஒரு அளவு பொருந்துமாம். அந்த அளவு மருந்து, அந்தத் தடிப்பில் துணி, அந்த எண்ணெய். அது பொருந்திவிட்டால் குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் போய்க் குத்துமாம். அதைக் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: ஒன்றை மாற்றினால் மற்றது எதையும் மாற்றக்கூடாது. ஐம்பது கிரெயின், அதாவது மூன்று கிராம் சொச்சம், மருந்தில் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டினார். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழலைத் துடைத்தார். எனக்குக் கொட்டாவி வந்தது. எழுபதில் குண்டுகள் கொஞ்சம் கிட்டக் கிட்ட வந்தன. பிறகு துணியை மாற்றினார். தலையணை உறைத் துணி நல்லதென்று கண்டு அக்காவின் புது உறையை வெட்டினார். அன்றைக்கு அந்த வீட்டில் வேறொரு வெடி வெடித்தது.

மிஞ்சியது எண்ணெய். கடையில் விற்கும் மஞ்சள் கிறீஸ், ஒலிவ் எண்ணெய், நல்லெண்ணெய் என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். எதிலும் ஒரு குண்டாவது விலகிப்போனது. ஆவணியில், வியர்வை ஒழுகிய ஒருநாள், அக்கா தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று வெடி. ஓடிப்போய்க் குறிக்கு மாட்டிய கடதாசியைப் பார்த்தோம். மூன்று ஓட்டைகளையும் ஒரு இரண்டு டொலர் நாணயக் குற்றியால் மூடலாம். அத்தான் என்னைக் கட்டிப்பிடித்தார். என் கல்யாணத்துக்குக்கூட அவர் என்னைக் கட்டிப்பிடித்ததில்லை.

அந்தக் கடதாசி பேஸ்மென்ற் சுவரில் மடுமாதா படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. இடிக்கிற தடியில், அக்காவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு கீறினார். குண்டு அடிவரை போய் மருந்தில் இருந்தால், தடியின் அந்தக் கோடு குழலின் வாயோடு சரியாக நிற்கும்.

"கோடு மேலை நிண்டால் குண்டு இடைவழியிலை நிக்குதெண்டு அர்த்தம். அப்பிடிச் சுட்டால் குழல் வெடிக்கும். கை போகும், கண் போகும். விளங்குதோ?"

"எனக்கேன் சொல்லுறியள்? சுடுறது நீங்கள்," என்றேன்.

மார்கழியில் இடியனால் மட்டும் மான் சுட விடுகிற வாரம் வந்தது. கிழக்கே இரண்டு மணித்தியால ஓட்டம். வானுக்குப் பக்கத்தில் நின்றே அத்தான் முதல் வெடிக்கு இடித்தார். ஹீட்டர்ச் சூட்டிலிருந்து எடுத்த துணி வழுக்கிக்கொண்டு இறங்கியது. சிவப்புக் கோடு குழலின் வாயில் பொட்டு வைத்த மாதிரி நின்றது. பிறகு ஓடைக்கரையில் போய்க் குந்தினோம். மூக்கு மயிர் விறைக்கிற குளிர். மத்தியானம் திரும்பியும் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போவோம் என்று நான் வாயெடுக்க, ஓடையின் அந்தக் கரையில் பெட்டை மான் ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது.

அத்தான் அவசரப்படவில்லை. மானின் தோளுக்குப் பின்னால் குறி பார்த்து, மூச்சை விட்டு, சுட்டார். புகை விலகியபோது மான் ஓடவில்லை, சாகவுமில்லை. குண்டு இரண்டு மூன்று சாண் பின்னுக்குப் போய் இடுப்பை உடைத்துவிட்டது. முன்னங்கால்களால் எழும்பி, பின்பக்கத்தை இழுத்து, விழுந்து, மறுபடி எழும்பியது. பிறகு கத்தத் தொடங்கியது. கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி. மான் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"மாதாவே," என்றார் அத்தான். கை ஏற்கெனவே மருந்துப் பைக்குப் போய்விட்டது. மருந்தைக் கொட்டினார். துணித்துண்டுகள் இருந்த தகர டப்பாவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே, உடைத்த தேங்காய்ச் சொட்டுப் போல ஒரு வெள்ளைக் கட்டி. துணியெல்லாம் அதற்குள் ஒன்றாய் இறுகிக் கிடந்தது.

இந்த நாட்டில் தேங்காயெண்ணெய் உறையும் என்று தெரியாத தமிழன் உண்டா? பனி தொடங்கினால் அக்காவின் எண்ணெய்ப் போத்தல் ஹீட்டர் வாய்க்கு மேல்தான் நிற்கும். முழுகுகிற நாளில் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் நிற்கும். இருபது வருடமாக அத்தானே தூக்கி வைத்த போத்தல் அது. ஒன்றை மாற்றினால் மற்றதை மாற்றாதே என்று எனக்கு ஓதி ஓதிக் காதைப் புண்ணாக்கிய மனிதர், ஆவணியை மார்கழியாக மாற்றிவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்து குந்தியிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த டப்பாவைப் பிடுங்கி ஓடைக்குள் எறிந்திருப்பேன். ஆனால் மான் கத்திக்கொண்டிருந்தது.

ஒரு துண்டை நகத்தால் கிள்ளி எடுத்து, குண்டை வைத்து, தடியால் தள்ளினார். பாதிவழியில் இறுகிவிட்டது. முதல் வெடியின் கரியும் உள்ளே, கட்டிபட்ட எண்ணெயும் உள்ளே. வயிற்றைக் கொடுத்து அமத்தினார். சிவப்புக் கோடு குழலின் வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"கத்தியைத் தாங்கோ, நான் போறன்," என்று ஓடைக்குள் காலை வைத்தேன். பனிக்கட்டி உடைந்து தொடைவரை சேற்றில் இறங்கினேன். அத்தான் என் கொலரில் பிடித்து இழுத்துப் போட்டார். பாலம் தெருப்பக்கம், சுற்றிப் போக அரைமணித்தியாலமாவது வேண்டும். அவ்வளவு நேரம் அது அப்படிக் கிடக்கவேண்டுமா?

நான் சேற்றிலிருந்து நிமிர்ந்தபோது அத்தான் தடியை உருவிக் கீழே போட்டுவிட்டு, கேப்பைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"அத்தான்! குண்டு இறங்கேல்லை!" என்று கையைப் பிடித்தேன்.

"தெரியும்."

"குழல் வெடிக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

"தெரியுமடா. கையை விடு. அது கத்துறது உனக்குக் கேக்கேல்லையே?"

துவக்கைத் தோளுக்கு உயர்த்திவிட்டார். நான் அவர் மேல் விழுந்தேன். குழலை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் பேசினேன். அத்தானைப் பார்த்துப் பேசக்கூடாத சொற்கள். "கை போய், கண் போய் நிண்டால் அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று கத்தினேன். அவர் என்னை உதறினார். மெலிந்த மனிதருக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. கடைசியில் கையைத் தளர்த்திவிட்டார். கேப்பைக் கழற்றினார். நான் செய்தது சரிதான். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்த மான் கத்திய ஒவ்வொரு கத்தலும் அதற்குப் பிறகு என் கணக்கிலும் சேர்ந்துவிட்டது.

பிளாஸ்கில் மிஞ்சியிருந்த இஞ்சித் தேத்தண்ணீரைக் குழலின்மேல் ஊற்றினோம். நாள் முழுக்கத் திறந்து மூடியதில் அது இளஞ்சூட்டுக்கு வந்திருந்தது. குண்டு இரண்டு விரல் இறங்கி மறுபடி இறுகியது. தெருவில் தூரத்தில் நின்ற என் வானில், நான் வீடுகளுக்கு ஹீட்டர் பூட்டுகிற சாமான்கள் கிடந்தன, நெருப்பு ஊதும் டோர்ச்சும் கிடந்தது. சூடுதான் என் தொழில். கரிமருந்து கிடக்கும் குழலுக்கு யார் நெருப்பைப் பிடிப்பது?

அத்தான் கோட்டைத் திறந்தார், சுவெற்றரைத் தூக்கினார், அந்த உறைந்த இரும்பை வெறும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டை மூடினார். குழலின் வாய் காதுக்குப் பக்கத்தில் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மானையே பார்த்தார். நானும் கோட்டுக்கு மேலால் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், என் சூடும் சேரட்டும் என்று. அந்தக் கரையில் அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. கத்தல் குறைந்து முனகலானது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. அத்தான் மாதா மன்றாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்வது என் காதுக்குள் கேட்டது.

பிறகு தடியை எடுத்துத் தள்ளினார். மெல்ல மெல்ல இறங்கியது. சிவப்புக் கோடு வந்து குழலின் வாயில் தொட்டது. கேப்பைப் பொருத்தித் துவக்கை உயர்த்தினார்.

மான் தலையைப் பனியில் வைத்திருந்தது. கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை. துவக்கை உயர்த்தியபடியே வெகுநேரம் நின்றார்.

"முடிஞ்சுது அத்தான்," என்றேன்.

இடியனில் ஒரு தொல்லை, மருந்தை இட்டால் சுட்டுத்தான் வெறுமையாக்கலாம். நிறைத்த துவக்கோடு வானில் ஏறமுடியாது. அந்தக் கரையில், மண்திட்டியோடு சாய்ந்து ஒரு பட்டமரம் நின்றது. நடுவில் ஒரு கணு. அத்தான் அதைப் பார்த்துச் சுட்டார். பாலத்தைச் சுற்றிப் போய் மானை எடுக்கும்போது பார்த்தேன். குண்டு கணுவின் நட்டநடுவில் போயிருந்தது. அவரும் பார்த்தார். விரலால் அந்த ஓட்டையைத் தடவிவிட்டு மானின் கால்களைப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்து சுவெற்றரை விலக்கிப் பார்த்தபோது அவர் நெஞ்சில் குழல் பட்ட இடம் நீளத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகமே சொல்லிவிட்டது.

"நாள் முழுக்கக் குளிருக்கை நிண்டிட்டியள். எண்ணெய் வைச்சு முழுகிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ," என்று சொல்லிக்கொண்டே போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் நிறுத்தி மேசையில் வைத்தாள்.

அத்தான் எதிரே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போத்தலின் ஓரங்களில் வெள்ளை கரைந்து தெளியத் தொடங்கியது.

"உது உருக எவ்வளவு நேரம் எடுக்கும், கிளடிஸ்?" என்று கேட்டார்.

"இதென்ன கேள்வி? ரெண்டு நிமிஷம். நீங்கள் கோட்டைக் கழட்டமுன்னம் உருகியிடும்."

அத்தான் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்கும் அழுகைதான் வந்தது. போத்தலில் எண்ணெய் முழுதும் உருகி, தண்ணீர் போலத் தெளிந்து நின்றது.