மருந்துக் கூண்டுச் சேவல்

எழுபத்தொன்பதாம் வருஷம் அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு கூண்டுகள் வைத்தார்கள். இரண்டிலும் ஒரே வயசுச் சேவல் குஞ்சுகள். ஒரு கூண்டுக்கு வெறும் தீனி, மற்றதற்கு மருந்து கலந்த தீனி. தேயிலைத் தண்டைத் துளைக்கிற வண்டுக்கு அடிக்கப்போகும் புது மருந்து அது. தீனி வைக்கிற வேலை எனக்கு. அந்த மருந்து டேங்கை முதுகில் சுமந்து மலை முழுக்க அடிக்கப்போகிறவர் என் வீட்டுக்காரர் வீரய்யா. தீனி வைத்த பிறகும் நகராமல் தினமும் அந்தக் கூண்டையே பார்த்தேன்.

மருந்துக் கம்பெனியிலிருந்து பரிசோதனைக்கு வந்த பத்திநாதன் ஐயா நல்ல மனுஷர். "இங்க பாரும்மா பூரணி, சேவலுக்குக் கொண்டை வளர்றதும் அது கூவுறதும் ஒடம்புக்குள்ள ஊறுற ஒரு சுரப்பால. அத இந்த மருந்து கெடுக்குதான்னுதான் பாக்குறோம்" என்றார்.

கெடுத்தது. வெறும் தீனி தின்றவை ரத்தச் சிவப்புக் கொண்டையை ஆட்டிக்கொண்டு நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தையே கூவி எழுப்பின. மருந்து தின்றவற்றுக்குக் கொண்டை வெளிறி, விரல் நகம் அளவிலேயே நின்றுபோனது. கூவவே இல்லை. "ஒன் வீட்டுக்காரர பத்தரமா பாத்துக்கடி" என்று கொழுந்து எடுக்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

இந்த மருந்து ஆகாது என்று பத்திநாதன் ஐயா தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொன்னார். மறுவாரமே மருந்துக் கம்பெனி அவரைக் கொழும்புக்குக் கூப்பிட்டுக்கொண்டது. துரை அசையவில்லை. "கோழிக்கு வந்தா மனுசனுக்கு வருமா? வெள்ளிக்கெழம பூச முடியட்டும். திங்கக்கெழம மருந்து அடிக்கணும்" என்றார்.

பூசை என்றால் ரோதைமுனிக்கு. ஸ்டோர் இயந்திரத்தை ஓட்டுகிற பெரிய சக்கரமான ரோதையைக் காக்கிற சாமி. வருஷத்துக்கு ஒருமுறை துரை தன் கையால் சேவல் கொடுக்க வேண்டும். சாமி அதை ஏற்கும் முன்னால் ரோதையை ஓட்டினால் கை போகும், உயிர் போகும் என்று ஸ்டோரில் ஒருத்தரும் இயந்திரத்தைத் தொடமாட்டார்கள். துரைக்கு அது வெறும் சடங்கு. "சேவலுக்கு எதுக்கு அலையணும்? கூண்டுல இருக்கிறதுல ஒண்ணப் புடிச்சிட்டு வா" என்றார் என்னிடம்.

எந்தக் கூண்டு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை தோட்டமே ஸ்டோரில் கூடியிருந்தது. மாடியில் வாடப்போட்ட கொழுந்து அரைக்கத் தயாராகக் கிடந்தது. துரை என்னிடமிருந்து சேவலை வாங்கிப் பூசாரி மூக்கனிடம் நீட்டினார். மஞ்சள் தண்ணீர் தெளிக்கக் கையைத் தூக்கிய மூக்கன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க தொர இது? கொண்டையில்ல, கூவாது. கொறைபட்டத சாமிக்குக் குடுக்கக்கூடாதுங்க."

துரையின் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பி, "நல்ல சேவலா கொண்டா!" என்று கத்தினார்.

நான் அங்கேயே நின்று பேசினேன். "இது நீங்க அடிக்கச் சொல்ற மருந்தத் தின்ன சேவலுங்க. சாமிக்கு ஆகாதது எம் புருசனுக்கு மட்டும் ஆகுமா? மருந்துப் பீப்பாய லாரியில ஏத்துங்க. கூண்டுச் சாவி எம் மடியிலதான் இருக்கு, நல்ல சேவல நானே தர்றேன்."

"நீ தராட்டி லயத்துல வாங்கிக்கிறேன்."

துரை சுற்றிப் பார்த்தார். சேவல் இல்லாத வீடு எங்கள் லயத்தில் இல்லை. ஒருத்தியும் நகரவில்லை. "எங்க வீட்டுச் சேவல் அடைகாக்குதுங்க தொர" என்று நாகலெட்சுமி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். ஸ்டோரே சிரித்தது.

வேலையை விட்டு நிறுத்துவேன் என்றார். போலீஸ் என்றார். மாடியில் கொழுந்து கெடத் தொடங்கி, புளித்த வாடை கீழே இறங்கியது. ரோதையைத் தொட ஒரு கை நீளவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு துரை வரச்சொன்ன லாரி வந்தது, பீப்பாய்கள் ஏறின. லாரி லிந்துலைப் பாதையில் திரும்பி மறையும்வரை வாசலில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நல்ல கூண்டைத் திறந்தேன்.

திங்கட்கிழமை துரை என்னைக் கோழி வேலையிலிருந்து தூக்கி மலையில் கொழுந்து எடுக்கப் போட்டார். போடட்டும். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினேன். எனக்கு முன்னால் வீரய்யா தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தியோடு போய்க்கொண்டிருந்தார். அவர் முதுகில் ஒன்றும் இல்லை.