ஞாயிற்றுக்கிழமை போன்

விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து, விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே ஸ்பீக்கர் அக்காவுக்குப் பிடிபடவில்லை. அந்த ஊர்த் தெருக்களில் மூடுபனி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வீடுகள் பாதி தெரிந்தன, மனிதர்கள் பாதி தெரிந்தார்கள். தெரிந்த பாதியும் சத்தம் காட்டவில்லை. பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரும் மூச்சு மட்டும் விட்டார்கள்.

அக்காவோ சந்தையில் முப்பது வருஷம் காய் கூவி விற்றவள். சபையில் அவள் ஜெபிக்க எழுந்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள். அப்படி ஒட்டிய பெயர்தான் ஸ்பீக்கர் அக்கா. வெளிநாட்டில் பன்னிரண்டு நாள் ஊழியத்துக்கு ஆள் சேர்த்தபோது, "அக்கா வந்தா கரண்ட் செலவு மிச்சம்" என்று சொல்லித்தான் போதகரே அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

தங்குவதற்கு ஆளுக்கொரு வீடு பிரித்துக் கொடுத்தார்கள். அக்காவுக்கு வாய்த்தது ஒரு ரொட்டிக்கடையின் மாடி அறை. கடைக்காரம்மாவுக்கும் ஏறக்குறைய அக்காவின் வயதுதான். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். இரண்டு பேருக்கும் பொதுவாகப் பாஷை கிடையாது, மாவு இருந்தது. முதல் நாள் காலையிலேயே அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்று பிசைய, கடைக்காரம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பாதி மாவை அவள் பக்கம் தள்ளினாள். வெள்ளை மாவு எழும்பி வெள்ளைப் பனியோடு கலந்தது. மேகத்துக்குள் நின்று வேலை செய்வதுபோல் இருந்தது அக்காவுக்கு.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ரொட்டியை வாங்கிக்கொண்டு ஒரே வாசகத்தைக் கேட்டார்கள். கடைக்காரம்மாவும் ஒரே பதிலைச் சொன்னாள். மூன்று நாளில் அர்த்தம் தெரியாமலே இரண்டும் அக்காவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. கல்யாணமாகி அந்த ஊரிலேயே தங்கிவிட்ட நம் தமிழ்ப் பெண் ஒருத்தி இவர்களுக்குப் பேச்சை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டாள் அக்கா.

"பையன் போன் பண்ணானான்னு கேக்குறாங்கக்கா. பண்ணான்னு இவங்க சொல்றாங்க. கப்பல்ல வேலையாம், ஞாயித்துக்கிழமை தவறாம பண்ணுவானாம்."

கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரம்மா கையைத் துடைத்துவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்தினாள். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள். பெண்ணின் முகம் மாறியது.

"போனே வர்றதில்லையாம்கா. சண்டை போட்டுட்டுப் போனவன், நாலு வருஷமாச்சாம். உங்க கிட்டச் சொல்லணும்னு தோணுச்சாம்."

நம் சபையில் இப்படி ஒரு பாரம் இருந்தால் என்ன செய்வோம்? முழங்கால் வலியிலிருந்து மருமகள் சண்டை வரைக்கும் எழுந்து நின்று சொல்லிவிடுவோம். நாற்பது பேர் சேர்ந்து அழுவார்கள். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும். அக்காவுக்குத் தெரிந்த அன்பு அதுதான்.

புதன்கிழமைக் கூட்டத்தில், ஊர்க்காரர்கள் நிறைந்த கூடத்தில் அக்கா ஜெபிக்க எழுந்தாள். ஒவ்வொரு வரியையும் அந்தப் பெண் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆண்டவரே, இந்த ரொட்டிக்கடை அம்மாவை நினைச்சுப் பாரும். நாலு வருஷமா போன் பண்ணாத மகனோட மனசைத் திருப்பும்."

பெண் வாயைத் திறக்கவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த அக்கா, அவளை முழங்கையால் இடித்து, இன்னும் பலமாக அதையே சொன்னாள். "சொல்லும்மா."

பெண் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

யாரும் அழவில்லை. யாரும் கடைக்காரம்மாவின் பக்கம் திரும்பவும் இல்லை. எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

மறுநாள் கடைக்காரம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பிசைந்தாள். வந்தவர்கள் ரொட்டியை வாங்கினார்கள், வாயைத் திறந்தார்கள், மூடிக்கொண்டு போனார்கள். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. மத்தியானம் பெண் வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"என் மேல கோவமான்னு கேளும்மா."

கடைக்காரம்மா பலகையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கோவமில்லையாம்கா. போன் வரலைன்னு ஊருக்கே முன்னாடியே தெரியுமாம். தெரிஞ்சுதான் கேப்பாங்களாம். அவங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சுதான் இவங்களும் பண்ணான்னு சொல்லுவாங்களாம்."

"அப்புறம் எதுக்கும்மா இந்தக் கூத்து?"

"ஒரு நாளைக்கு முப்பது பேரு அவனை விசாரிச்சாங்களாம். இனிமே விசாரிக்க யாருமில்லைன்னு சொல்றாங்க."

அக்கா மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரம்மாவிடமிருந்து எதைப் பிடுங்கிப் போட்டோம் என்று இப்போதுதான் விளங்கியது. தான் கிளம்பிப் போய்விடலாம். இந்தக் கடையில் அவன் பேச்சே எழாமல் போய்விடுமே.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலை, பெட்டியை எடுக்க அந்தப் பெண் வந்து நின்ற நேரத்தில், தபால்காரர் உள்ளே வந்தார். ஒரு ரொட்டி வாங்கினார். நின்றார். போகவும் இல்லை, பேசவும் இல்லை. தொப்பியில் பனி சொட்டியது.

ஊழியத்துக்கு வந்த இடத்தில் பொய்க்கு ஒத்தாசை செய்வதா என்று மனசு ஒரு பக்கம் இடிக்கத்தான் செய்தது. இருந்தாலும் அக்கா, சந்தைத் தொண்டையைச் சுருக்கிச் சுருக்கி, ஒரு தொட்டில் பக்கத்தில் பேசுகிற அளவுக்குக் கொண்டுவந்து, அந்த ஊர்ப் பாஷையில் மனப்பாடமான வாசகத்தைக் கேட்டாள்.

பையன் போன் பண்ணினானா?

கடைக்காரம்மாவின் கை மாவுக்குள் நின்றது. தபால்காரர் செருப்பைப் பார்த்தார். அவள் சொன்னது வழக்கமான பதில் இல்லை.

"இந்த வாரம் பண்ணலையாம்" என்று பெண் அக்காவின் காதில் சொன்னாள்.

தபால்காரர் நிமிர்ந்தார். ஏதோ சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டியையும் காட்டினார்.

"அடுத்த வாரம் பண்ணுவான்கிறாரு."

கடைக்காரம்மா திரும்பினாள். அக்காவைப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பாதி மாவை அவள் பக்கம் தள்ளினாள். வண்டிக்கு நேரமாகிறது என்று பெண் சொன்னதைக் கேட்காதவள்போல அக்கா பிசைந்தாள். ஆண்டவரே என்று உள்ளே ஆரம்பித்தது பல்லைத் தாண்டி வரவில்லை. அந்தக் கப்பல்காரனுக்காக அவள் உதடு அசையாமல், பிசைகிற தாளத்திலேயே வேண்டிக்கொண்டிருந்தாள்.

தபால்காரர் வெளியே போன கொஞ்ச நேரத்தில் கதவு மணி அடித்தது. பனிக்குள்ளிருந்து பாதி உருவமாக வந்த ஒருத்தி, ரொட்டிக்குக் கை நீட்டுவதற்கு முன்பே அந்த வாசகத்தைக் கேட்டாள்.