ஐந்து பூச்சு நீலம்

வெல்டர் இரண்டு வருஷம் கனவு கண்டுகொண்டே உழைத்து, வயலுக்கு இழுத்துப்போக ஒரு தண்ணீர்த் தொட்டி டிரெய்லர் செய்திருந்தார். ஆசை அடங்காமல் ஐந்து பூச்சு நீலம் அடித்ததில் எது தொட்டி, எது வானம் என்றே தெரியவில்லை.

பதிவுக்காக வந்து பிரேக், விளக்கு எல்லாம் பார்த்த வாகன ஆய்வாளர், "சேஸிஸ்ல நம்பர் அடிச்சிருக்கணுமே, எங்க?" என்றார்.

வெல்டர் டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினார். நம்பர் பெயின்ட்டுக்குள் மூழ்கியிருந்தது.

"பூசுங்கன்னா குளிப்பாட்டி வெச்சிருக்கீங்க!" பக்கத்தில் நின்ற அவர் மனைவி கண்ணை மூடி, இரும்பைக் குழந்தையின் முதுகுபோல மெல்லத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க சுரண்டுங்க."

நம்பர் எட்டிப் பார்த்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

அவள் கறுத்த நகத்தை நீட்டினாள். "நம்பர் அடிக்கும்போது அச்சைப் பிடிச்சிருந்தது நான்தானே சார். சுத்தியலோட கடைசி அடி இதுலதான் விழுந்துச்சு."