எபெர் எழுதிய எளிய பக்கங்கள்

எளிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னவள் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். எபெரும் சிரித்தான், அதுதான் இன்றுவரை எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் மென்பொருள் லைப்ரரியின் பெயர் ஒர்னேரோ. மண்ணால் கூடு கட்டும் குருவியின் பெயர் அது. கணினி விளையாட்டு எழுத ஆசைப்படுகிறவர் திரையைத் திறப்பது, படத்தை நகர்த்துவது, இரண்டு பொருள்கள் முட்டிக்கொண்டால் கண்டுபிடிப்பது என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதித் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒர்னேரோவை இறக்கிக்கொண்டால் அந்த வேலைகளை அது பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊரான மொண்டேவிடியோவில் பிறந்தது, இப்போது மெக்சிகோ வரைக்கும் பள்ளிக்கூடங்களில் ஓடுகிறது. எழுதியவன் எபெர். கையேடும் இணையதளமும் என் பொறுப்பு. சர்வரைக் கவனிப்பவர் வில்மார். யாருக்கும் சம்பளம் கிடையாது. சண்டை மட்டும் சம்பளம் வாங்குகிறவர்களைப் போலப் போடுவோம்.

இணையதளம் குப்பைமேடாகிக் கிடந்தது. ஒரே கேள்விக்கு மூன்று இடத்தில் மூன்று பதில். தேடுபெட்டியில் எதைப் போட்டாலும் பத்து வருடத்துக்கு முந்தைய அறிவிப்பு ஒன்று வந்து பல்லைக் காட்டும். அதற்கு மேல், கடைசி இரண்டு வருடமாக எபெர் சேர்த்துக்கொண்டே போன பக்கங்கள். ஒரு விண்டோவைத் திறப்பதற்கு மட்டும் நீளமாக ஒரு பக்கம். அதில் இப்படி இருக்கும்:

‘இப்போது கறுப்பாக ஒரு கட்டம் தெரியும். பயப்பட வேண்டாம். அது பிழை இல்லை. நீ இன்னும் எதையும் வரையவில்லை, அவ்வளவுதான். சேமித்தாயா? இல்லையென்றால் இப்போதே சேமி. போச்சாஸ் என்ற ஃபோல்டரில் இருக்கிறது.’

“உலகத்துல எல்லார் கம்ப்யூட்டர்லயும் போச்சாஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்குமா எபெர்?” என்று கேட்டேன். போச்சாஸ் எங்கள் ஊர்க் கிளப்புகளில் கிழவர்கள் ஆடும் பந்து விளையாட்டு. பெரிய பந்தை உருட்டி, தரையில் கிடக்கும் சின்னப் பந்துக்கு யார் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. அதையே கணினி விளையாட்டாக எழுதிக்கொண்டிருந்தான் எபெர். மழைக்காலத்தில் மைதானத்தை மூடிவிட்டால் கிளப்காரர்கள் உள்ளே உட்கார்ந்து ஆடுவதற்கு.

“இருந்தா நல்லதுதானே,” என்றான்.

பயன்படுத்துகிறவர்களிடம் கருத்துக் கேட்டோம். நீளம், நீளம், நீளம் என்றே பதில் வந்தது. சிலியிலிருந்து ஓர் ஆசாமி, எங்களை என்ன பால்குடி மாறாத பிள்ளைகள் என்று நினைத்தீர்களா என்று கேட்டிருந்தார். அடுத்து வில்மார் பார்வையாளர் கணக்கை எடுத்துவந்தார். எபெரின் பக்கங்களுக்குக் கூட்டம் குறைவில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரே முகவரியிலிருந்து, இதே ஊரிலிருந்து, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்த கூட்டம்.

“மனுஷன் எவனாவது ஒரே பக்கத்தை நாள் முழுக்கப் படிப்பானா?” என்றார் வில்மார். “ரோபோதான். எவனோ சுத்த விட்டிருக்கான்.”

ரோபோவைக் கழித்தோம். மிச்சம் ஒன்றும் தேறவில்லை. அதற்குப் பிறகுதான் எளிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று நான் சொன்னது. அந்தப் பக்கங்களை நீக்கலாமா என்று வாக்கெடுத்தபோது எபெரும் கையைத் தூக்கினான்.

“வெட்டு தாயே, வெட்டு. உன் கத்தரி பட்டாத்தான் எதுவும் உருப்படும்,” என்று சொல்லி, மாத்தே இலை போட்ட குடுவையில் வெந்நீர் ஊற்றி என் பக்கம் நீட்டினான்.

ஒரு காற்புள்ளியை எடுத்ததற்காக ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவன் அவன். அப்படிப்பட்டவன் இவ்வளவு சுலபமாக இறங்கிவந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வயதானால் மனிதனுக்குப் புத்தி வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாத்தேயை உறிஞ்சினேன்.

புதிய இணையதளம் அழகாக வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, அழகாகத்தான் வந்தது. ஒரு கட்டளைக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு நாலே வரி. திறப்பு விழாவை லா தேஹா பேட்டையில், எபெர் போச்சாஸ் ஆடும் கிளப்பிலேயே ஒரு சனிக்கிழமை மதியம் வைத்தோம். தட்டு நிறைய பிஸ்கோச்சோ ரொட்டி, நாற்காலிக்கு நாற்காலி மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு ஆட்கள்.

ஒர்னேரோ விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. எபெர் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, வெறும் பக்கத்தில் தொடங்கி, திரையில் ஒரு பந்தை வரைந்து காட்டுவான். என்ன நிறம் என்று கூட்டம் கத்தும். கேட்ட நிறத்தைப் போடாமல் அவன் வேறொன்றைப் போட்டுத் திட்டு வாங்குவான்.

அன்றைக்கும் உட்கார்ந்தான். “மஞ்சள்,” என்று யாரோ கத்தினார்கள். “மஞ்சள் வேண்டாம்ப்பா, அது எதிரி டீம் கலர், இது கௌரவமான கிளப்,” என்று இன்னொருவர் பதில் கொடுத்தார். எபெர் புன்னகைத்தபடி புதிய இணையதளத்தைத் திறந்தான். தேடுபெட்டியில் விண்டோ என்று அடித்தான். நான் எழுதிய நாலு வரி வந்தது. படித்தான். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனான். மறுபடி விண்டோ என்று அடித்தான். அதே நாலு வரி.

இணையதளத்தைக் காட்டி வேடிக்கை பண்ணுகிறான் என்று கூட்டம் நினைத்தது. “விளம்பரம் போதும், பந்தைப் போடு,” என்றார் வில்மார். சிரிப்பு. எபெர் மூன்றாம் முறை முதல் பக்கத்துக்குப் போனான். அவன் காதுமடல் சிவந்திருந்தது. சிரிப்பு ஒவ்வொரு நாற்காலியாக அடங்கியது.

என் பக்கம் திரும்பினான். “அந்தப் பக்கம் எங்கே நிபியா?”

“எந்தப் பக்கம்?”

“கறுப்பாத் தெரிஞ்சா பயப்பட வேண்டாம்னு இருக்குமே, அது.”

அவன் மனைவி சுல்மா எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தாள். “காலையிலேர்ந்து இவருக்குத் தலைவலி,” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். “வாங்க, போலாம்.” சொன்னபடி கேட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். லேப்டாப் திறந்தபடி கிடந்தது.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எபெர் தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் சுல்மா சொன்னாள்.

“ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர் சொல்லி. மறதி நோய். சின்ன வயசுலயே வர்ற வகையாம். கேட்டுட்டு வந்து ஒரு வாரம் சும்மா உக்காந்திருந்தாரு. அப்புறம் எழுத ஆரம்பிச்சாரு. இப்ப எனக்குத் தெரியுது சுல்மா, அப்புறம் தெரியாது, தெரியாமப்போன பிறகு வந்து உக்காரப்போறவனுக்கு இப்பவே எழுதி வெச்சுடறேன்னாரு. அந்த போச்சாஸ் ஆட்டத்தை முடிச்சே ஆகணும்னு பிடிவாதம். ஆறு மாசமா அந்தப் பக்கங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை. காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அதே பக்கம்தான், திரும்பத் திரும்ப.”

வில்மார் கழித்த ரோபோ எது என்று அப்போது புரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவே கோபமும் வந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் கேட்டேனே. கையை வேற தூக்கினானே.”

“சொன்னா நீ அவரை நோயாளியாப் பார்ப்பே. அவர் எழுதினதை வெட்டமாட்டே, சண்டை போடமாட்டே. அதை அவரால தாங்க முடியாதுடி.” சுல்மா அடுப்பை அணைத்தாள். “எப்படியாவது நினைவுல வெச்சுக்கிட்டுச் சமாளிச்சுடலாம்னு நினைச்சாரு. முடியலை.”

அங்கேயே, அந்தச் சமையலறை மேசையிலேயே, நீக்கிய பக்கங்களையெல்லாம் திரும்பப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. நாங்கள் நீக்குவது எதுவும் நிஜமாக அழிந்துபோவதில்லை, பழைய பதிப்பில் பத்திரமாகக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் வில்மார் தொலைபேசியில் வந்தார்.

“வாக்கெடுத்து நீக்கினதெல்லாம் திரும்பி வந்திருக்கே நிபியா. யாரைக் கேட்டு?”

“ரோபோ கேட்டுச்சு,” என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். 

“அந்த முகவரியை இனிமே கழிக்கமாட்டேன்,” என்றார் வில்மார்.

குளிர்காலம் முழுவதும் அந்த முகவரி கணக்கில் வந்துகொண்டிருந்தது. காலையில் கணக்கைத் திறந்து, வந்துவிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் நான் பல் தேய்ப்பேன். சில வாரங்களில் அவன் அதே பக்கத்தைத் திறப்பது அதிகமானது. அது நல்ல சேதி இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் குளிர் விடுகிற செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கோச்சோ வாங்கிக்கொண்டு போனேன். எபெர் கூடத்தில் கணினி முன் உட்கார்ந்திருந்தான், இளைத்திருந்தான். என்னைப் பார்த்து, “வாங்க,” என்றான். என்னை ஒருநாளும் வாங்க என்று கூப்பிட்டவனில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துச் செய்துகொண்டிருந்தான். கறுப்புக் கட்டம் வந்தது. பச்சைத் தரை வந்தது. ஒரு சிவப்புப் பந்து, ஒரு நீலப் பந்து, நடுவில் சின்னதாக வெள்ளைப் பந்து. நாற்காலியில் சாய்ந்து, அவற்றைத் திருப்தியாகப் பார்த்தான்.

“இந்தப் பக்கங்களை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நீதான் எழுதினே எபெர்.”

“கிண்டல் பண்ணாதீங்க. நான் எழுதியிருந்தா எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தான். “யாரோ நல்ல மனுஷன். என்னை நல்லாத் தெரிஞ்சவன் போல. எங்கே முழிப்பேன்னு பார்த்து, சரியா அங்கே ஒரு வரி எழுதி வெச்சிருக்கான்.”

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் அடுத்த பக்கத்தைத் திறந்தான். ‘எந்தப் பந்து பக்கத்தில் இருக்கிறது?’ என்று தலைப்பு இருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை. அதோடு கையேடு நின்றுபோயிருந்தது. புள்ளி யாருக்கு என்று சொல்லும் பக்கம் அது. அது இல்லாமல் ஆட்டம் இல்லை. திரையை மேலே தள்ளிப் பார்த்தான், கீழே தள்ளிப் பார்த்தான்.

“இதை இன்னும் எழுதலை போலிருக்கே,” என்றான். “உங்களுக்கு அவரைத் தெரியுமா? தெரிஞ்சா கொஞ்சம் எழுதச் சொல்றீங்களா?”

இரண்டு பந்துகளுக்கு நடுவே தூரத்தை அளக்க ஒர்னேரோவில் ஒரே ஒரு கட்டளைதான். கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன். ஆனால் அந்தக் கட்டளையைப் படித்துவிட்டு எபெர் எந்த இடத்தில் விழிப்பான், அங்கே அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இருபது வருடம் அவன் எழுதியதை வெட்டியவள், ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை.

“சொல்றேன்,” என்றேன்.

“அவசரம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க,” என்று மூன்று பந்துகளையும் பார்த்தபடி எபெர் சொன்னான். “நான் இங்கேயேதான் இருப்பேன்.”