சுற்றி வர முடியாத நாய்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் பன்னிரண்டு வருடமாக இண்டெண்ட், அதாவது சாமான் கேட்புச் சீட்டு, எழுதுகிறவன் நான். நட்டு, போல்ட்டு, கிரீஸ், பெயிண்ட் பிரஷ் என்று யார் எதைக் கேட்டு வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: வாங்கின பிறகு இதற்கு என்ன பராமரிப்பு? அந்தப் பழக்கத்தோடுதான் என் மனைவிக்கு நாய் தேடவும் கிளம்பினேன். நான் எவ்வளவு புத்திசாலி என்பது போகப் போகத் தெரியும்.

மயிலம்மாள் நடந்துகொண்டிருந்தாள். அதுதான் சங்கதி. வாசல் கதவிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து மறுபடி வாசல் கதவு. உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். படுத்தால் புரண்டுவிட்டு எழுந்துவிடுவாள். ஒரு நாளைக்கு வீட்டுக்குள்ளேயே சமயபுரம் போய்த் திரும்புகிற தூரம் நடந்திருப்பாள். ஆனால் வாசற்படியை மட்டும் தாண்டமாட்டாள்.

பங்குனியில் எங்களுக்கு ஒரு பெண் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. எதிர்வீட்டு ரெங்கம்மாள் நல்லவள்தான், கெட்ட எண்ணம் கிடையாது. "போனது போச்சு கண்ணு, அடுத்தது எப்போ?" என்று தெருவில் வைத்துக் கேட்டாள். அதே வாரத்தில் இன்னும் நான்கு பேர் கேட்டார்கள். அதற்கப்புறம் மயிலு வெளியே போகவில்லை. இப்போது புரட்டாசி நடக்கிறது.

நான் என்ன செய்தேன்? ஜோக் அடித்தேன். எனக்கு அழத் தெரியாது. வாய் கோணினால் ஜோக்காக வந்துவிடும். "தரை தேஞ்சா வீட்டுக்காரர் நம்மகிட்டதான் சிமெண்டு கேப்பாரு" என்பேன். அவள் என்னைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். ஒரு நாள் அங்கிருந்து திரும்பி வந்து, "கொள்ளிடத்துல இப்போ தண்ணி நெறையாப் போவுதாங்க?" என்று கேட்டாள். "போய் அளந்து பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். சொன்னபிறகு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. கொள்ளிடம் எங்கள் தெருவுக்கு வடக்கே அரை மைல்கூட இல்லை.

பெயிண்ட் ஷாப் சவரிநாதனிடம் மறுநாள் இதைச் சொன்னேன்.

"வீட்டுல இன்னொரு உயிர் நடமாடணும்யா," என்றார் அவர். "எங்க லைன்ல ரொசாரியோ அம்மா இங்கிலாந்து போவுது, அண்ணன் வீட்டுக்கு. மூணு நாயி இருக்கு. கொண்டுபோனா அங்க ஆறு மாசம் தனியா அடைச்சு வைப்பாங்களாம். அதனால நல்ல வீடா பாத்துக் குடுத்துட்டுப் போவணும்னு அலையுது."

"எல்லாம் சின்ன நாய்தானே?"

"உன் வீட்டுக்குள்ள நுழையுற சைஸ்தான்."

மிஸஸ் ரொசாரியோ எஞ்சின் டிரைவரின் விதவை. ரயில்வே காலனி வீட்டில் பாதிச் சாமான்கள் மரப்பெட்டிக்குள் போயிருந்தன. நான் போய் நின்றதும் மூன்று நாயும் என் செருப்பை முகர்ந்தன. எது நல்ல நாய் என்று கேட்டேன்.

"நாயைக் கேக்காதே, மேன். உன் வீட்டைச் சொல்லு. யார் வாருவா? யார் நடப்பா?"

"வாருறது நான். நடக்குறது என் சம்சாரம். ஆனா வீட்டுக்குள்ளயேதான் நடப்பா."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒவ்வொரு நாயாக விவரம் சொன்னாள். நான் பைக்குள்ளிருந்து பேப்பரை எடுத்து இரண்டு பத்தி போட்டேன். ஒன்று முடி, இன்னொன்று ஓட்டம். அவள் மைல், ஃபர்லாங் என்றாள். எனக்கு ஸ்ரீரங்கத்து வீதிக் கணக்கில் சொன்னால்தான் மனதில் நிற்கும். கோயிலைச் சுற்றி எங்கள் ஊரில் வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. உள்ளே உத்திர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு நாங்கள் குடியிருக்கும் அடையவளஞ்சான். அது ஒரு சுற்று இரண்டு மைல் வரும், எங்கள் வீடு அதன் கிழக்குப் பக்கம்.

ஃபாக்ஸ் டெரியருக்கு முடி குட்டை, வாரத்துக்கு ஒரு தடவை பிரஷ் போட்டால் போதும். ஆனால் தினமும் அடையவளஞ்சானை இரண்டு சுற்று ஓடவேண்டும், இல்லாவிட்டால் நாற்காலியைத் தின்னும். ஏற்கெனவே ஒருத்தி ஓடிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம் என்று அடித்துவிட்டேன். பெக்கினீஸ் பெயர் டச்சஸ். தரையைக் கூட்டுகிற அளவுக்கு முடி, தினமும் ஒரு மணி நேரம் சீப்புப் போடவேண்டும். நடையோ, உத்திர வீதியின் ஒரு பக்கமே அதற்கு அதிகம். மூன்றாவது டாஷண்ட், பெயர் ஆஸ்கர். பத்து வயது. ரயில் பெட்டி மாதிரி உடம்பு, சக்கரம் மாதிரி கால். முடியை ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது. நடை சித்திரை வீதியில் பாதி. வெண்ணெய் தடவின பன் தின்று தின்று வயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நான் டச்சஸைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு மணி நேரம் வாரவேண்டிய நாய் என்றால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். மயிலு உட்காருவாள். எப்படிப்பட்ட மூளை பாருங்கள்!

"மூணு நாள் வச்சுப் பாரு. பிடிக்கலேன்னா மாத்திக்கோ," என்றாள் மிஸஸ் ரொசாரியோ. "ஆனா பதினஞ்சாம் தேதிக்குள்ள சொல்லிடு. அப்புறம் நான் இருக்கமாட்டேன்."

டச்சஸ் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் ஒரு பாயைத் தேர்ந்தெடுத்து அதில் அமர்ந்தது. மயிலு அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். சீப்பைக் கையில் கொடுத்தேன். இரண்டு இழு இழுத்தாள், எழுந்துவிட்டாள்.

"என் தலையை வாரவே எனக்கு மனசில்ல. இதுக்கு யாரு வாருறது?"

நான்தான் வாரினேன். விடியற்காலையில் ஒரு மணி நேரம் வாரிவிட்டு வேலைக்குப் போனால் சவரிநாதன், "என்னய்யா, கம்பளிச் சட்டையா? இந்த வெயில்லயா?" என்றார். குனிந்து பார்த்தேன். சட்டை முழுக்க டச்சஸ்.

மூன்றாம் நாள் மயிலு சொன்னாள், "இது நாயாங்க, தலகாணியாங்க? கொண்டுபோய் விட்டுடுங்க. நான் நடக்குறதப் பாத்துக்கிட்டே இருக்கு. எனக்குக் கூச்சமா இருக்கு."

ஆக, ஆஸ்கர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைத் துணிப்பைக்குள் வைத்து மடியில் கிடத்தியிருந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, தலை இங்க இருக்கு, வாலு அடுத்த ஆளு மடியில இருக்கு? ரெண்டு டிக்கெட் எடுங்க."

வீட்டில் இறக்கிவிட்டு என் பட்டியலைப் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். வாரவேண்டாம், ஓடவேண்டாம், ஒரு வேலையும் கிடையாது.

"ஒண்ணுமே செய்ய வேண்டாத நாய் எதுக்குங்க நமக்கு?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஆனால் ஆஸ்கர் அவள் பின்னாலேயே நடந்தது. வாசல், அடுப்படி, கிணற்றடி, மறுபடி வாசல். நாலாவது நடையில் மூச்சு வாங்கி நின்றது. அவளும் ஒரு கணம் நின்றாள், பிறகு போய்விட்டாள். அது மறுபடி பின்னால் ஓடியது. என் வீட்டில் இப்போது இரண்டு பேர் நடந்தார்கள். அந்த வாரம் நான் பட்ட பாட்டை எந்த இண்டெண்டிலும் எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்கருக்குப் பன் வாங்கச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். ஸ்ரீரங்கத்தில் கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும். எனக்கும்தான் வீட்டில் உட்கார முடியவில்லை. திரும்பி வரும்போது மணி நாலு. கதவு சும்மா சாத்தியிருந்தது. வாசல் காலி. அடுப்படி காலி, ஆஸ்கரும் இல்லை. கிணற்றடிக்குப் போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே தண்ணீரும் என் தலையும்தான் தெரிந்தன.

எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

"கதவு சத்தம் கேட்டுச்சு தம்பி," என்றாள் ரெங்கம்மாள். "வடக்க போச்சா, தெக்க போச்சான்னு பாக்கலியே. ஒரு மணி நேரம் இருக்கும்."

நான் வடக்கே ஓடினேன். நாயைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது அப்படிப் போவார்களா என்று ஒரு மூளை கேட்டது. ஒரு மணி நேரம் ஆச்சே என்று இன்னொரு மூளை சொன்னது. செருப்பு ஒன்று அறுந்தது, இரண்டையும் விட்டுவிட்டேன். தெரு மூலையில் திரும்பி, வடக்கு அடையவளஞ்சானில் கொள்ளிடத்துக்குப் பிரிகிற பாதைக்குப் பக்கத்தில் போய்விட்டேன். அப்போதுதான் எதிரே அவள் வருவது தெரிந்தது.

முகமெல்லாம் வேர்வை. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். இடுப்பில் ஆஸ்கர். முன்னங்கால் இரண்டையும் அவள் தோளில் போட்டுக்கொண்டு, நீளமான உடம்பு அவள் கை வளைவுக்குள் அடங்காமல் வழிய, ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது.

"என்னங்க எதிர்ச்சுத்தா வர்றீங்க?" என்றாள். எடுத்த எடுப்பில் அதுதான்.

"எங்க போனே?"

"நானா போனேன்? கதவைப் பறாண்டுச்சு, வெளிய விட்டேன். தெக்கால இழுத்துச்சு, போனேன். மூலை திரும்புனப்புறம்தான் பாத்தேன், சாமி வலக்கைப் பக்கம் இருக்காரு. சுத்த ஆரம்பிச்சாச்சுல்ல? மேலத் தெருவுல இது காலை நீட்டிப் படுத்துடுச்சு. இனிமே நடக்கமாட்டேன்னுடுச்சு. பாதியில எப்படிங்க திரும்புறது?"

சித்திரை வீதியில் பாதி என்று எழுதி வைத்தேனே, அதைத் தாண்டி அடையவளஞ்சானில் பாதி வந்திருக்கிறது! பாதியில் திரும்பினால் சாமிக்கு இடப்பக்கம் காட்டி நடக்கவேண்டும். எங்கள் ஊரில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். ஆறு மாதமாக வாசற்படி தாண்டாதவள், இருபது பவுண்டு எடையுள்ள நாயைத் தூக்கிக்கொண்டு மீதி ஒரு மைலையும் நடந்து தீர்க்கிறாள்.

"தெருவுல யாரும் ஒண்ணும் கேக்கலியா?" என்றேன் மெதுவாக.

"கேக்காம? வாசலுக்கு வாசல் நிறுத்தி வச்சுக் கேட்டாங்க. இது என்ன ஜாதி, ஏன் இவ்வளவு நீளம், காலு வளருமா, கடிக்குமா." மூச்சு வாங்கினாள். "இதைப் பத்திதான் கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல."

பிறகு என் வெறுங்காலைப் பார்த்தாள். "நீங்க எதுக்கு இப்படி ஓடி வர்றீங்க?"

"நாய்க்குப் பசிக்குமேன்னு," என்று கையிலிருந்த பொட்டலத்தைக் காட்டினேன். பன் கசங்கி அப்பளமாகியிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் கொள்ளிடத்துக்குப் போகிற பாதையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அங்க போயிருப்பேன்னு நெனச்சீங்களா?"

ஒரு ஜோக் வந்திருக்கவேண்டிய இடம். வரவில்லை. வாய் மட்டும் கோணிக்கொண்டது. ஆமென்று தலையை ஆட்டினேன்.

"ஒரு நாள் நெனச்சேன்," என்றாள். "இன்னிக்கு இல்ல. இன்னிக்கு இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னுதான் நெனப்பு. முதல்ல நீங்க திரும்புங்க."

திரும்பினேன். இரண்டு பேரும் கிழக்கே நடந்தோம். நாய் சரியச் சரிய அவள் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டே வந்தாள்.

"நடக்க முடியாத நாயி, மயிலு. ரொசாரியோ அம்மாகிட்ட டெரியர் ஒண்ணு இருக்கு. ரெண்டு சுத்து ஓடும்."

"அது ஓடட்டும், ஓடுறதுக்கு நான் எதுக்கு? இது இருக்கட்டும். நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க." நாலு அடி நடந்து நின்றாள். "கை விட்டுப்போச்சு. கொஞ்சம் பிடிங்க."

நான் மூட்டையை வாங்குகிற மாதிரி வாங்கினேன்.

"ஐயோ, அப்படி இல்லீங்க. ஒரு கையை அடியில குடுங்க. இந்தக் கையை முதுகுக்குக் குடுங்க. தலை தொங்குது பாருங்க, தோள்ல சாச்சுக்குங்க. ம்… அப்படித்தான்."

நான் இதற்குமுன் யாரையும் அப்படித் தூக்கியதில்லை. குழந்தை இருந்த அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நர்ஸுகளிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். கையில் வாங்கினால் கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். அதை அவளிடம் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆஸ்கரின் நெஞ்சு என் நெஞ்சில் திடும் திடும் என்று அடித்தது. அது என்னை விடப் பயந்திருந்தது என்று நினைக்கிறேன்.

மூலையில் கோலப்பொடிக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது, இவ்வளவு நீளமா?"

மயிலு நின்றுவிட்டாள். "அதை ஏன் கேக்குறீங்க," என்று ஆரம்பித்தாள். ரொசாரியோ அம்மா, இங்கிலாந்து, ஆறு மாத அடைப்பு, வெண்ணெய் தடவின பன், மேலத் தெருவில் படுத்துக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னாள். கூடைக்காரி நடுநடுவே கேள்வி கேட்டாள். மயிலு ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து பதில் சொன்னாள். பிறகு கூடைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

என் கை இரண்டும் மரத்துப்போய்விட்டன. நாயை இறக்கிவிட்டால் மயிலு எழுந்துவிடுவாளோ என்று பயம். நின்றுகொண்டே இருந்தேன்.