நம்பர் இல்லாத இன்ஜின்

எழிலரசிக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கரூரிலிருந்து வந்து பதினோரு வருடம் கம்ப்யூட்டர் கம்பெனியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள், ஆவடியில் ஒரு பிளாட்டும் வாங்கிவிட்டவள், அடுத்து நகையோ மனையோ வாங்குவாள் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவளோ இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, 1952-ல் இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. கார் ஒன்றுக்காக ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். அதுவும் எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டுமாம். ஒரு திருகாணி மாறியிருந்தால்கூட அவள் முகம் சுருங்கிவிடும்.

கடைசியில் அந்தக் கார் பக்கத்துப் பட்டாபிராமிலேயே இருந்தது. சொந்தக்காரர் தேவராஜ், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் இரும்பு வார்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போனில் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"பாடி, சேஸ் எல்லாம் அப்டியே கீதும்மா. இன்ஜின் மட்டும் ஒரிஜினல் இல்ல."

"பரவாயில்லைங்க. இங்கிலாந்துல ஒரு ஒரிஜினல் இன்ஜின் பார்த்து வெச்சிருக்கேன். வண்டியை எடுத்ததும் இதைக் கழட்டிப் போட்டுருவேன்."

"கழட்டிக்கோ. ஆனா கழட்டற இன்ஜின என்னாண்டயே குடுத்துடணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

எழிலரசி சரியென்றாள். காயலான் கடையில் போட்டு நாலு காசு பார்க்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இந்த நினைப்புக்காகப் பின்னால் அவள் வெட்கப்படப்போகிறாள். அது அவளுக்கு வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் காகித வேலைகளை முடித்துக்கொடுக்கும் லோகேஷும் கூட வந்தான். தேவராஜின் வீட்டு வாசலெங்கும் துருப்பிடித்த பெரிய இரும்புக் கட்டிகள் கிடந்தன. ஒன்றின் மேல் துளசித் தொட்டி. ஒன்று துணி துவைக்கும் கல்லுக்குப் பதிலாக. ஒன்று வாசற்படி. தேவராஜ் சாவி எடுத்து வரும்வரை எழிலரசி வேப்ப மரத்தடியில் கிடந்த கட்டியில் உட்கார்ந்தாள். உட்கார வாகாகத்தான் இருந்தது.

ஷெட்டைத் திறந்தார்கள். கார் சிவப்பாக நின்றது. நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், இரண்டு உருண்டை விளக்குகள். படத்தில் ஆயிரம் தடவை பார்த்த சாமான்தான். ஆனாலும் தொடப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தொடும்மா, கடிக்காது" என்றார் தேவராஜ். "முதுகுல ஆபரேசன் பண்ணதுலர்ந்து இதுக்குள்ள எறங்குனா என்னால ஏற முடியல. முனியம்மாதான் தூக்கி வுடணும். அதான் விக்கறேன்."

அவர் மனைவி முனியம்மா டீயோடு வந்தார். "ஆமா, பொண்டாட்டிய கிரேனு ஆக்கிட்டாரு" என்றபடி, மூடி திறந்து கிடந்த இன்ஜின் மேலேயே இரண்டு டம்ளரை வைத்தார். தேவராஜ் அதைக் கவனிக்காமல் கிளப்பிவிட்டார்.

எழிலரசி பதறி டம்ளரை எடுக்கப் போனாள். எடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, விளிம்புவரை நிறைந்த டீயில் மெல்லிய நெளிவு ஒன்று தெரிந்ததே தவிர ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை. சத்தமும் அதட்டுகிற சத்தம் இல்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மனிதரின் மூச்சு மாதிரி சீராக வந்தது. இவ்வளவு நல்ல இன்ஜினையா கழட்டிப் போடுவேன் என்றேன் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஒரிஜினல் என்றால் ஒரிஜினல்தான் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

அணைத்ததும் லோகேஷ் தன் வேலையை ஆரம்பித்தான். பெயர் மாற்ற மனுவுக்கு சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டும். நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். சேஸ் நம்பர் பளிச்சென்று வந்தது. இன்ஜினில் தேய்த்தான். காகிதம் முழுக்கக் கறுப்பு. இன்னொரு இடத்தில் தேய்த்தான். அங்கேயும் கறுப்பு.

"நைனா, இன்னா இது? இன்ஜின்ல நம்பரே இல்ல!"

"எப்டி இருக்கும்? நான்தான் அடிக்கலியே."

"கம்பெனிக்காரன் அடிச்சிருப்பான்ல?"

"கம்பெனி ஏது? பிளாக்கும் ஹெட்டும் நான் வார்த்தது" என்றார் தேவராஜ், சட்டை தைத்தது யார் என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. "ஒண்ணே ஒண்ணு செஞ்சதுக்கு எதுக்கு நம்பரு? மாறிப்போவப் போவுதா?"

எழிலரசிக்குக் காது கேட்டதே தவிர புத்திக்கு ஏறவில்லை. அவள் ஏதோ ஜீப் இன்ஜினையோ அம்பாசிடர் இன்ஜினையோ பொருத்தியிருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். மெல்ல மெல்லக் கேட்டு வாங்கினாள். பழைய சொந்தக்காரரின் டிரைவர், தண்ணீர் இல்லாமல் கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினாராம், இன்ஜினின் உடம்பான பிளாக்கே விரிசல் விட்டுவிட்டது. இரும்பு விலைக்கு வந்த காரை தேவராஜ் வாங்கினார். வேறு பிளாக் எங்கும் கிடைக்கவில்லை. விரிசல் விட்டதை அளவெடுத்து மரத்தில் அச்சு செய்து, மணலில் பதித்து, ஃபவுண்டரியில் நாள் வேலை முடிந்த பிறகு மிஞ்சுகிற இரும்புக் குழம்பை முதலாளியிடம் சொல்லிவிட்டு ஊற்றினார்.

"பிஸ்டன் மட்டும் ஜீப்போடது. அத்த பொய் சொல்லக் கூடாது."

"எத்தனை நாள் ஆச்சுங்க?"

"ஒம்போது வருசம்."

எழிலரசி மறுபடியும் இன்ஜினைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் ஓடும் வளைந்த வழிகள், எண்ணெய் ஏறும் துளைகள், பிஸ்டன்கள் ஏறி இறங்கும், தாள் அளவு இடைவெளி தவறினாலும் இறுகி நின்றுவிடும் நான்கு குழாய்கள், எல்லாவற்றையும் இந்த மனிதர் மணலில் செய்திருக்கிறார். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் செய்த இன்ஜினில் ஒன்றைக் கப்பலில் வரவழைத்து, இதைத் தூக்கிப் போடுவதாக இவரிடமே சொல்லியிருக்கிறாள். அவரும் 'கழட்டிக்கோ, என்னிடம் குடுத்துவிடு' என்றுதான் சொன்னார். தன்னை ஒரு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஏனுங்க இதைப் போன்லயே சொல்லல?"

"சொன்னா நீ பாவப்பட்டு வெச்சிருப்பே. பாவத்துக்கு எதுக்கு இன்ஜின் ஓடணும்?"

"நான் கழட்டலைங்க" என்றாள் எழிலரசி. குரல் உடைந்தது. "பாவத்துக்கு இல்ல. எனக்கு இந்த வண்டி இந்த இன்ஜினோடதான் வேணும்."

தேவராஜ் கழுத்துத் துண்டை எடுத்துத் துடைக்க வேண்டாத இடத்தையெல்லாம் துடைத்தார். "அப்ப ஒரிஜினல் இல்லியேம்மா" என்றார்.

"இதைவிட ஒரிஜினல் எங்கே இருக்குதுங்க?"

லோகேஷுக்கு இந்தக் கண்ணீர் விவகாரமெல்லாம் ஒத்துவராது. "மேடம், நம்பர் இல்லாம பேரு மாத்த முடியாது. இன்ஸ்பெக்டர் வண்டியப் பாத்து, உத்தரவு குடுத்தாதான் அடிக்கலாம். மனுவுல இன்னா நம்பர் கேக்கறது?"

"பழைய இங்கிலீஷ்காரன் நம்பரையே கேளு" என்றார் தேவராஜ்.

"வேண்டாம்" என்றாள் எழிலரசி. "ஒண்ணுன்னு கேளுங்க. முதல் இன்ஜின், ஒரே இன்ஜின்."

தேவராஜுக்கு அது பிடித்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாகி, விரலைத் தூக்கி "ஒண்ணு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். லோகேஷ் எழுதப் போனான்.

"இன்னாது, ஒண்ணா?" முனியம்மா டம்ளரை ணங்கென்று வைத்தார். "அச்சு ஒடையாம நிக்க வெல்லப்பாகு ஊத்தி ஊத்தி மணலப் பெசஞ்சு கையெல்லாம் வெந்து போனது நானு. ஒண்ணாம் ஒண்ணு! தொட்டிக்கு அடியில கீறது ஒண்ணு, துணி தொவைக்கறது ஒண்ணு, படி ஒண்ணு, மோட்டார் ரூமாண்ட ரெண்டு. அந்தப் பொண்ணு காலைல ஒக்காந்துகினு இருந்துச்சே, அது இன்னா? ஆறு பாழாப் போயிதான் இது வந்துது."

எழிலரசி திரும்பி வேப்ப மரத்தடியைப் பார்த்தாள். துருவுக்குள் அந்த நான்கு குழாய்களின் வட்டங்கள் இப்போதுதான் தெரிந்தன.

உத்தரவு வர இரண்டு மாதம் ஆனது. வந்த அன்று முனியம்மா நம்பர் உளியைப் பிளாக்கின் மேல் வைத்துப் பிடிக்க, தேவராஜ் ஒரே அடி அடித்தார். லோகேஷ் காகிதத்தை ஒட்டித் தேய்த்தான். கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக எழும்பி வந்தது: 7.