அக்கா தட்டும் குழாய்

காலையில் காப்பி பொங்கும் நேரத்துக்கு என் அக்கா வெதூரியா மேல்மாடியில் ஒரு கரண்டியை எடுத்து, சமையலறை மூலையில் ஓடும், வெந்நீரால் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாயில் டொக் டொக் டொக் என்று தட்டுவாள். நான் கீழே என் கரண்டியை எடுத்துத் திருப்பித் தட்டுவேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான். பல வருடங்களாக வேறு ஒரு வார்த்தை கிடையாது.

அது வணக்கமா வசவா என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் ஊர் ப்ரஷோவில் அடுக்குமாடியில் இருக்கிற எவரும் கோபம் வந்தால்தான் குழாயைத் தட்டுவார்கள். மேல்வீட்டுப் பிள்ளை குதித்தால் தட்டுவார்கள், பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்தால் தட்டுவார்கள். அக்காவும் முதலில் என் ரேடியோ சத்தத்துக்குத்தான் தட்டினாள். நானும் 'போடி' என்றுதான் திருப்பித் தட்டினேன். அப்புறம் ரேடியோ கெட்டுப்போனது. தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

சண்டை கோலிவாவில், இறந்தவருக்காகச் செய்யும் கோதுமைப் பண்டத்தில் வந்தது. அக்காவின் கணவர், என் அத்தான் இறந்த நாற்பதாம் நாளுக்குக் கோதுமையை வேகவைத்து, வால்நட் பொடித்துப் போட்டு, மேலே சர்க்கரைத் தூளில் சிலுவை வரைந்து, இடுப்பொடிய நான்தான் செய்தேன். தேவாலய வாசலில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்ட அக்கா, பாதிரியார் காதில் விழும்படி, "சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கா பாருங்க. இவ என்ன கல்யாணத்துக்கா செஞ்சா?" என்றாள். ஊரே சிரித்தது. நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றோடு அவள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினேன். அவளும் என் கதவைத் தட்டவில்லை.

இப்படி இருக்கும்போது, சென்ற வசந்தத்தில் நிலவறையில் இருக்கும் பாய்லர் படுத்துவிட்டது. மொத்தக் கட்டடத்துக்கும் சூடு தருவது அதுதான். மெக்கானிக் கோஸ்மின் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் கூடவே நின்றேன்.

"சரி பண்ணிடலாம்க்கா. பாடி நல்ல வார்ப்பிரும்பு. பம்பை மாத்தி, விரிசல் விட்ட துண்டை மாத்திட்டா இன்னும் ரொம்ப வருஷம் ஓடும்."

நிம்மதியாக மேலே வந்தேன். மறுநாள் அதே கோஸ்மின் முதல் மாடியில் புதிதாகக் கல்யாணமான ஜோடியிடம், "இதைக் கட்டிக்கிட்டு அழாதீங்க. பிடுங்கி எறிஞ்சுட்டு, ஆளுக்கொரு கேஸ் பாய்லர் சுவத்துல மாட்டிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். படியிலேயே மறித்தேன்.

"டேய், நேத்து சரி பண்ணலாம்னியே?"

"நேத்து நீங்க கேட்டீங்க. இன்னைக்கு அவங்க கேட்டாங்க."

"ரெண்டுல எதுடா சரி?"

"ரெண்டுமே சரிதான்க்கா. உங்களுக்கு என்ன வேணும்?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. காலமெல்லாம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவள் நான். எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒருநாளும் தயங்கியதில்லை. இந்தப் பாழாய்ப்போன பாய்லர் என்னைப் பைத்தியமாக்கியது. பாய்லர் போனால் குழாயும் போகும். அக்கா தட்டுவது வசவு என்றால் தொலையட்டும், காதுக்கு நிம்மதி. வசவு இல்லை என்றால், எனக்கும் அவளுக்கும் நடுவில் மிச்சம் இருக்கிற ஒரே பொருளை நானே வெட்டச் சொல்வதாகாதா? யாரைப் போய்க் கேட்பது? அவளையேதான் கேட்க வேண்டும்.

கோடை முடிவதற்குள் முடிவு செய்யச் சொல்லி, தரைத்தளத்து பம்ஃபில் படிக்கட்டில் கூட்டம் போட்டார். கட்டடத்துக்கு நிர்வாகி அவர். எங்கள் வரிசையில் நாலு வீடு. கீழே அவர், அவருக்கு மேலே அந்த ஜோடி, அப்புறம் நான், என் தலைக்கு மேலே அக்கா. அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

"ஒரே குழாய் நாலு வீட்டையும் துளைச்சுக்கிட்டுப் போகுது. அதனால எல்லாரும் ஒரே பக்கம் நிக்கணும்," என்றார் பம்ஃபில். "சரி பண்ணணும்ங்கறவங்க கை தூக்குங்க."

என் கை தானாக எழுந்தது. சுற்றிப் பார்த்தால் என் கை மட்டும்தான்.

"கழட்டணும்ங்கறவங்க?"

பம்ஃபில் தூக்கினார். ஜோடி தூக்கியது. மேல்படியில், சால்வைக்குள்ளிருந்து, அக்காவின் கை எல்லோருக்கும் மேலே போனது.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆக வசவுதான்! இத்தனை காலமும் ஒவ்வொரு காலையும் அவள் என்னைத் திட்டியிருக்கிறாள். நான் கரண்டியைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன்.

"லீவியாக்கா, இன்னும் கையை இறக்கலையே நீங்க," என்று பம்ஃபில் சிரித்தார். "ரெண்டுக்கும் தூக்கினா எப்படி? பஸ்ஸை ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் திருப்புவீங்களோ?"

"கழட்டுங்க. அடியோட பிடுங்குங்க. எனக்கென்ன போச்சு?" என்றேன்.

மறுநாள் காலை காப்பி பொங்கியது. டொக் டொக் டொக்.

எனக்குத் தலை சுற்றியது. வெட்டச் சொன்னவளே எதற்குத் தட்டுகிறாள்? வெற்றிக் கொண்டாட்டமா? நான் திருப்பித் தட்டவில்லை. அப்புறம் மனசு கேட்காமல் தட்டினேன். அதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஒருநாள் நேரிலேயே கேட்டுவிடுவது என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினேன். படி திரும்பும் இடம் வந்ததும் கோலிவாவும் ஊர் சிரித்த சிரிப்பும் நினைவுக்கு வந்தன. திரும்பி வந்துவிட்டேன். சீ, என்ன பிழைப்பு இது!

இலை உதிரத் தொடங்கியபோது கோஸ்மின் ரம்பத்தோடு வந்தான். பாய்லரை நிறுத்தி, தண்ணீரை வடித்து, என் சமையலறைக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்தான். மேலேயும் கீழேயும் குழாய் போன இடத்தில் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை.

"சிமென்ட் தீந்து போச்சு. நாளைக்கு வந்து அடைச்சிடறேன்," என்று போனான்.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன். தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மூலையில் வெறும் சுவர், துருக்கறை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது.

"ஏய்."

தலைக்கு மேலே, ஓட்டையிலிருந்து.

"ஏய் லீவியா. இருக்கியா செத்தியாடி?"

"நீதானே கழட்டச் சொன்னே?" வாயில் வந்தது அதுதான். "எல்லாருக்கும் மேல கையைத் தூக்கினியே!"

"தூக்கினேன். குழாய் இருக்கற வரைக்கும் நீ தட்டிட்டுப் போயிடறே. அது போனா, இந்தக் கிழம் உயிரோட இருக்காளான்னு பாக்கவாவது நீ ஏறி வருவேன்னு நெனச்சேன். வந்தியா?"

"பாதிப் படி வந்தேன்."

"தெரியும். உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? கதவைத் திறந்து வெச்சிட்டு நின்னேன். திரும்பிப் போயிட்டே."

"நீ இறங்கி வந்திருக்கலாம்ல?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?" மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்திருக்க வேண்டும். குரல் கிட்டத்தில் வந்தது. "சர்க்கரை சரியாத்தான்டி இருந்துச்சு. அன்னைக்கு எனக்கு எதுதான் ருசிச்சுது சொல்லு."

கையில் இருந்த கரண்டியால் நாற்காலிக் கையை மூன்று தரம் தட்டினேன். மேலே தரையில் திருப்பித் தட்டினாள்.

அந்த நேரம் பார்த்து கோஸ்மின் சிமென்ட் வாளியோடு உள்ளே நுழைந்தான்.

"அக்கா, அடைச்சிடட்டுமா?"

"மேல கேளு," என்றேன்.

"கீழ கேளுடா," என்றது ஓட்டை.

அவன் வாளியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தான், என்னைப் பார்த்தான். "ரெண்டுல எதுக்கா? எனக்கு ஒண்ணும் புரியலையே."

"நில்லு," என்று சொல்லிவிட்டு என் செருப்பைத் தேடினேன். "மேல போய்ப் பேசிட்டு வந்து சொல்றேன்."